சீனிக்குச் சைவச் சோறு

"சாமி, இந்தப் பூனைக்குத் திமிரு."

ஆவுடைநாயகம் கிண்ணத்தை நீட்டிக் காட்டினார். வைத்தது வைத்தபடி இருந்தது. பருப்போடு குழைய வேகவைத்த கைக்குத்தல் அரிசி, மசித்த மஞ்சள் பூசணி, மேலே ஒரு சொட்டு நெய்.

"மோந்து பாக்குது. பொறவு பக்கத்துத் தரையைப் பிறாண்டுது, பீயை மண்ணு போட்டு மூடுத மாதிரி. நான் கை வலிக்க ஆக்கிப் போடுதேன் சாமி."

சாமி பூனையைப் பார்த்தார்.

"வேற ஆக்கிப் பாருங்க அண்ணாச்சி."

அவ்வளவுதான். சாமி முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர். வயதில் ஆவுடைநாயகத்தை விட இருபது வருஷம் இளையவர். கேட்ட ஊருக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பதோடு சரி, மேற்கொண்டு பேச்சு வராது. மலையடிவாரத்து அந்தச் சின்ன மடத்துக்கு வருகிறவர்கள் அவரைக் கண்டக்டர் சாமி என்றே சொன்னார்கள்.

ஆவுடைநாயகம் வந்தது தீட்சைக்கு. சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று ஊர் ஊராகப் போய் முப்பது வருஷம் சொன்ன வாய் அது. மனைவி மரகதம் போன பிறகு வீட்டில் சொல்ல ஆளில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு மடத்துக்கு வந்துவிட்டார்.

அதே வாரம், காரில் வந்த ஒரு குடும்பம் வெள்ளைப் பூனை ஒன்றையும் ஒரு மூட்டை பாக்கெட் தீனியையும் வாசலில் விட்டுவிட்டுப் போனது.

சாமி சொல்லிவிட்டார். "இது உங்க கையால ஒரு வேளை வயிறு நிறையத் திங்கட்டும். மறுநாள் தீட்சை."

இதென்ன பிரமாதம் என்று அன்று ஆவுடைநாயகம் நினைத்தார்.



முதல் காரியமாக பாக்கெட்டைப் பிரித்துக் கையில் கொட்டிப் பார்த்தார்.

"சாயமும் உப்பும். இதைத் தின்னா கிட்னி போயிரும்."

மூட்டையோடு குப்பைக் குழியில் கொட்டினார். இனி வீட்டுச் சாப்பாடுதான் என்று தீர்மானமாயிற்று. மடம் சைவ மடம். அவரோ ஏழு தலைமுறைச் சைவம். பூனை மட்டும் தப்ப முடியுமா? சீனி என்று பேர் வைத்தார். நெற்றியில் திருநீறு பூசினார். கழுத்தில் ஒற்றை உருத்திராட்சம் கட்டினார்.

வருகிறவர்கள் சிரித்தார்கள்.

"உருத்திராட்சப் பூனை, உருத்திராட்சப் பூனைன்னு வேசக்காரனைச் சொல்லுவோம். நெசமாவே ஒண்ணை இப்பத்தான் பாக்குதோம்."

ஆவுடைநாயகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கேப்பைக் கூழ் வைத்தார். தயிர்ச்சோறு வைத்தார். பாசிப்பருப்புப் பொங்கல் வைத்தார். பட்டினி பொறுக்காமல் சீனி எப்போதாவது நாலு வாய் நக்கும். அதை வைத்து அவர் ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருப்பார். மறுநாள் பழையபடி பிறாண்டல்.

"தீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் சாமி?"

"சீனிட்ட கேளுங்க."

"அது என்ன பதிலா சொல்லப் போகுது?"

"தினமும் சொல்லிக்கிட்டுத்தான இருக்கு."



ஒரு நாள் வேலியோரம் சீனி ஓணான் ஒன்றைப் பிடித்துவிட்டது.

ஆவுடைநாயகம் ஓடிப்போய் அதன் வாயைப் பிளந்து பிடுங்கி எறிந்தார். "மடத்துக்குள்ள கொலையா?"

சீனி கத்தவில்லை, பிறாண்டவில்லை. அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

அந்தப் படுக்கை அவருக்குப் பிடிக்கவில்லை. மரகதமும் கடைசியில் அப்படித்தான் படுத்தாள்.

அவள் தூத்துக்குடிக்காரி. மீன் இல்லாமல் சோறு இறங்காத வீட்டில் பிறந்தவள். இவரைக் கட்டிக்கொண்ட மறுநாளே அதை விட்டாள். முப்பத்தாறு வருஷம் மீன் என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. நோயில் விழுந்து நாக்கு செத்துப்போய்க் கிடந்தபோது ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஒரு துண்டு மீன் கிடைக்குமா?"

அவர் பாசிப்பருப்புக் கஞ்சி கொடுத்தார். சத்தானது.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சீக்காளிக்கு இவ்வளவு வீம்பு ஆகாது என்று அவர் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார்.



எட்டாம் மாதம் சீனி கிண்ணத்தில் முட்டிக்கொண்டது. பிறகு தூணில் முட்டியது.

அவர் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டரம்மா டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தாள். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள்.

"என்ன குடுக்கீங்க ஐயா?"

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"கறி? மீனு?"

"சைவம்மா."

டாக்டரம்மா டார்ச்சை அணைத்தாள்.

"வீட்டுச் சாப்பாடு நல்லதுதான் ஐயா. ஆனா அதுல பெரும்பங்கு கறியோ மீனோ இருக்கணும். பூனை உடம்பு அது இல்லாம நிக்காது. உப்பு, புளி, வெங்காயம் போடாம அவிச்சுக் குடுங்க. கூட என்னென்ன சேக்கணும்னு எழுதித் தாரேன். கண்ணு போனது போனதுதான். இருதயமாவது தப்பட்டும்."

சீட்டை நாலாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு மடத்துக்கு வந்தார்.

"மீனு குடுக்கணுமாம் சாமி. இந்த அடுப்புலயா? இந்தக் கையாலயா?"

சாமி பூனையைத் துண்டிலிருந்து பிரித்துத் தரையில் விட்டார்.

"அதெல்லாம் வேண்டாம் சாமி. நல்லாப் பசிச்சா இதையே திங்கும். திமிரு கொறையணும், அவ்வளவுதான்."



மறுநாள் மத்தியானப் பந்தியில் சாமியே பரிமாறினார். எல்லார் இலையிலும் சோறு விழுந்தது. ஆவுடைநாயகத்தின் இலையில் ஒரு கைப்பிடி பச்சைப்புல் விழுந்தது. அலசி, பொடியாக நறுக்கி, மேலே ஒரு சொட்டு நெய் விட்டிருந்தது.

"என்ன சாமி இது?"

"புல்லு. மாடு எப்படித் திடமா இருக்கு பாத்தீங்கல்ல. நல்ல சத்து. சுத்த சைவம்."

ராத்திரியும் புல். காலையிலும் புல். வேறு யாரும் அவருக்கு ஒரு வாய் கொடுக்கவில்லை. சாமி அப்படிச் சொல்லி வைத்திருந்தார். மறு மத்தியானம் தலை கிறுகிறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் மென்று பார்த்தார். தொண்டைக்குள் போக மறுத்தது. துப்பினார்.

"சாமி, நான் மனுசன். எனக்கு இது எப்படி சாமி எறங்கும்?"

சாமி குனிந்து இலையை எடுத்தார்.

"திமிரு" என்றார்.

பந்தியில் யாரோ சிரித்தார்கள். ஆவுடைநாயகத்துக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை. வெட்கம்தான் வந்தது, அதுவும் பூனையிடம். அது தூணோரம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம்.

இடுப்பிலிருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே நடந்தார்.



பஸ் ஸ்டாப்பில் மீன் விற்கிற அம்மா இன்னும் கூடையை மூடவில்லை.

மடத்து வேலிக்கு வெளியே, புளிய மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி அவர் மீனை அவித்தார். வாடை எழுந்தது. மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. ஆறவைத்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்து முடித்த துண்டை மறுபடி விரலால் தடவிப் பார்த்தார்.

சீனிக்குக் கண்தான் போயிருந்தது. மூக்கு இருந்தது. எழுந்தது. விழுந்தது. வேலிச் சந்து வழியாகத் தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தது. தட்டில் வைக்கும்வரை பொறுக்காமல் அவர் விரலிலிருந்தே தின்றது. தின்று முடித்து விரலையும் நக்கியது. தரையைப் பிறாண்டவில்லை.

ஆவுடைநாயகம் வாய்விட்டு அழுதார். மரகதம் செத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

அடுப்புப் புகை அடங்கிய பிறகு சாமி வந்தார். பூனையின் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"நிறைஞ்சிருச்சு. குளிச்சிட்டு வாங்க அண்ணாச்சி. நாளைக்குத் தீட்சை."

"வேண்டாம் சாமி."

"எட்டு மாசமா அதுக்குத்தான காத்துக் கிடந்தீங்க?"

அவர் கையை வேட்டியில் துடைத்தார். வாசம் போகவில்லை.

"மீன்காரம்மா, யாருக்கு ஐயான்னு கேட்டா சாமி. பூனைக்குன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன்."

சீனி மறுபடி அவர் விரலைத் தேடி வந்தது.

"வீட்டுல முடியாமப் படுத்திருக்கா, முள்ளு கம்மியா உள்ளதா ஒரு துண்டு குடும்மான்னு சொல்லிட்டேன்."