இரண்டு முழம் நான்கு விரல் விரால்

மாதம் மும்மாரி பெய்த ஏதோ ஒரு காலத்தில், நீர்மங்கலம் என்ற நாட்டை மகரவேந்தன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்ல மனிதன்தான். ஆனால் அவன் மனசு இன்று இருந்தபடி நாளை இருக்காது. ஒரு வருஷம் நீளமான மீசைக்குப் பட்டம் கொடுத்தான். ஆண்கள் எல்லாம் விளக்கெண்ணெயும் கையுமாக அலைந்தார்கள். மறுவருஷம் பெரிய பூசணிக்காய்க்குக் கொடுத்தான். அப்புறம் மீன் பைத்தியம் பிடித்தது.

"பெரிய ஏரியில் மிகப் பெரிய விராலைப் பிடிப்பவருக்கு 'ஏரி நாயகர்' பட்டமும் செப்புப் பட்டயமும்! அதை மிஞ்சும் மீன் வரும்வரை அந்த ஏரியில் மீன்பிடிக்கும் உரிமை அவருக்கே!" என்று முரசறைந்துவிட்டான்.

மூன்று வருஷமாக அந்தப் பட்டயம் அரசவை ஆலோசகர் அம்பலவாணர் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றரை முழ விராலைக் கொண்டுவந்து சபையில் போட்டவர் அவர். உண்மையில் அதைப் பிடித்தவன் ஏரிக்கரைக் குப்பத்து மாடக்கண்ணு. அரண்மனைச் சமையலுக்கு என்று சொல்லி வாங்கிப்போனவர், தானே பிடித்ததாகச் சாதித்துவிட்டார். அவரை எதிர்த்து யாரிடம் போய்ச் சொல்வது? பெரிய ஏரி கண்ணெதிரே ததும்ப, குப்பத்தின் இருபது குடும்பங்களும் குட்டைகளில் பொடிமீன் அரித்து அரைவயிறு கழுவின.

மழை தொடங்கியதும் மூன்று நாள் மட்டும் பட்டத்துக்காக யார் வேண்டுமானாலும் ஏரியில் தூண்டில் போடலாம். மூன்றாம் நாள், மாடக்கண்ணுவின் மனைவி காத்தாயியின் தூண்டிலில் கோத்திருந்த தவளையை விழுங்கி விரால் ஒன்று மாட்டியது. இழுத்துக் கரைசேர்த்தவளுக்கு மூச்சு நின்றுவிட்டது. அத்தனை பெரிசு! இருபது வீட்டு அடுப்பும் அவள் கண்முன் எரிந்தது. அப்போதுதான் தண்ணீரைப் பார்த்தாள். மீன் கிடந்த இடத்தில் செக்கச்செவேலென்று பார்ப்புக் கூட்டம், அதாவது விரால் குஞ்சுகள், ஆயிரக்கணக்கில் கலங்கி மொய்த்தன.

பார்ப்பு சிவப்பாக இருக்கும்வரை அதைக் காக்கும் பெரிய மீனை, அதாவது காவல்மீனை, தொடக் கூடாது என்பது குப்பத்து வழக்கம். காத்தாயிக்கு அழுகையே வந்தது. தூண்டில் கயிற்றால் மீனை அளந்து ஒரு முடிச்சுப் போட்டாள். மீனைத் தண்ணீரில் விட்டாள்.

"அடிப்பாவி! கைக்கு வந்ததை விட்டுட்டு கயித்தைக் கொண்டுவந்திருக்கியே!" என்று மாடக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டான்.

"நீ இருந்தா தூக்கிட்டு வந்திருப்பியா?" என்று கேட்டாள். அவன் கயிற்றைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தான்.

கயிற்றோடு சபைக்குப் போனாள். அம்பலவாணர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மன்னா, கயிற்றைக் காட்டினால் பட்டம் என்றால் நான் யானையே பிடித்திருப்பேனே!"

"மீன் எங்கே அம்மா?" என்றான் அரசன்.

"உங்க ஏரியிலதான் மகாராசா. பத்திரமா இருக்கு."

அரசனுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. "நாளைக் காலை நானே வருகிறேன். மீனைக் காட்டாவிட்டால் உன் குப்பமே இந்த ஏரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது."

 காத்தாயி அம்பலவாணர் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்க ஒங்க விராலை எப்படிப் புடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"எப்படியா? வெறுங்கையால்! இறங்கினேன், அமுக்கினேன், தூக்கினேன்!" என்று அம்பலவாணர் மார்தட்டினார்.

மறுநாள் கரையில் அரசன் குடையோடு உட்கார்ந்தான். பின்னாலேயே சமையற்காரர் சட்டியோடு வந்து நின்றார். முழங்கால் ஆழத்தில் ஒரு முறம் அகலத்துக்குத் தண்ணீர் சிவந்து கிடந்தது. திடீரென்று 'பளக்' என்று ஒரு கறுத்த தலை மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறைந்தது.

"அம்மாடி!" என்று அரசன் எழுந்தே விட்டான்.

"தலையைப் பார்த்து நீளம் சொல்ல முடியுமா மன்னா? அளந்து காட்டட்டும்," என்றார் அம்பலவாணர்.

"நான் புடிச்சா ஏதோ தில்லுமுல்லுன்னு சொல்லுவாரு. ஐயாவே புடிச்சுக் குடுக்கட்டும். வெறுங்கையால புடிச்சவராச்சே! அதோ, அந்தச் செவப்புலதான் இருக்கு," என்றாள் காத்தாயி.

"அதுவும் சரிதான். இறங்கும் அம்பலவாணரே!" என்றான் அரசன்.

மறுக்க வழியில்லை. அம்பலவாணர் பட்டு வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். சேற்று மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் அடியில்லாத கூடையான ஊத்தாவோடு காத்தாயி பின்னாலேயே போனாள். அவர் வலதுகாலைத் தூக்கிச் சிவப்புக்கு நடுவில் வைத்தார். அவ்வளவுதான். தண்ணீர் பிளந்தது.

"ஐயோ, முதலை! முதலை!"

காத்தாயி சட்டென்று ஊத்தாவைக் கவிழ்த்தாள். உள்ளே விரால்; அதோடு அம்பலவாணரின் வலதுகால்! அரசன் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

கூடையின் மேல்வாயில் கைவிட்டு அவள் மீனை எடுத்து, ஈரத் தாமரை இலைமேல் கிடத்தினாள். அரசன் தன் கையாலேயே கயிற்றை வைத்துப் பார்த்தான். முடிச்சு வால் நுனியில் கச்சிதமாக நின்றது. இரண்டு முழம் நான்கு விரல்!

"மகாராசா, ஒண்ணு கேக்கட்டுமா? பார்ப்பு செவப்பா இருக்கையில காலை விட்டா காவல்மீன் பாய்ஞ்சு கடிக்கும். எங்க குப்பத்துல நண்டுசிண்டுக்குக்கூட இது தெரியும். விராலை வெறுங்கையால புடிச்ச ஐயாவுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

அரசனின் சிரிப்பு நின்றது. "அம்பலவாணரே, அந்த ஒன்றரை முழத்தைப் பிடித்தது யார்?"

கூடைக்குள் காலோடு நின்றவர் தலையைத் தொங்கப்போட்டார். "மாடக்கண்ணு, மன்னா."

பட்டயத்தை அரசன் அவர் கழுத்திலிருந்து கழற்றிக் காத்தாயிக்குப் போட்டான். அவள் ஏரி உரிமையைக் குப்பம் முழுமைக்கும் எழுதி வாங்கினாள். மாடக்கண்ணு கூட்டத்துக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"புளி கரைத்தாயிற்று, மன்னா," என்றார் சமையற்காரர்.

திரும்பிப் பார்த்தால் இலை காலி. காத்தாயி எப்போதோ மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டாள். "பார்ப்பு கறுத்துப் பிரியட்டும் மகாராசா. அடுத்த மழைக்கு வாங்க, வயிறாரச் சாப்பிடலாம்."

அரசன் பெருமூச்சு விட்டான். அன்று அவனுக்குப் புளிச்சோறுதான். போகிறபோது ஒரு கட்டளையும் இட்டான்: பார்ப்பு கறுக்கும்வரை அதற்குக் காவல் அம்பலவாணர்.

அவரும் கரையோரத் தண்ணீரில் நின்று காவல் காத்தார். 'பளக்' என்ற சத்தம் கேட்கும்போதெல்லாம் வலதுகாலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பார். அந்த வழியாக வந்த வெளியூர்க்காரர்கள் யாரோ பெரிய தவசி என்று நினைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்களாம்.