வேகாத கட்டை

மாடக்கண்ணு ஆசாரியின் கொல்லுப்பட்டறையில் சங்குமுத்து சீடனாகச் சேர்ந்தபோதே அவனுக்கு நாற்பது முடிந்திருந்தது. சம்மட்டி பழகிவிட்டது, துருத்தியும் பழகிவிட்டது. இந்தக் கரிதான் மூன்று வருஷமாக அவனைப் படுத்தி எடுத்தது.

"இன்னைக்கு உலைக்குக் கரி பொறுக்கிறது உன் பொறுப்பு," என்று சொல்லிவிட்டார் ஆசாரி.

விடிந்ததிலிருந்து மூட்டையைக் கொட்டிவைத்துத் துண்டு துண்டாகப் பார்த்தான். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். உடைத்தால் உள்ளே பளபளக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் வேகாத கட்டை. உலைக்குள் போனால் புகைந்து சூட்டைக் கெடுத்துவிடும். அதற்காக எல்லாவற்றையும் உடைத்துப் பார்த்தால் மிஞ்சுவது தூள்தான். ஆகவே பாதியை உடைத்தான், மீதியைத் தட்டிப் பார்த்ததோடு விட்டான். இடுப்பு விட்டுப்போயிற்று.

மத்தியானம் உலை மூட்டி, கலப்பைக் கொழுவை உள்ளே வைத்தார் ஆசாரி. நாலு ஊது ஊதுவதற்குள் நடு உலையிலிருந்து குப்பென்று புகை கிளம்பியது. கொழு சிவக்கவே இல்லை. கொழுவுக்காகக் காலையிலிருந்து காத்துக்கிடந்த சம்சாரி இருமிக்கொண்டே வெளியே போனார்.

சங்குமுத்து துருத்தியை விட்டுவிட்டான். அவமானத்தைவிட அலுப்புதான் அவனுக்கு அதிகமாக இருந்தது.

"அய்யா, நான் ஊருக்கே போயிடுறேன்."

"ஏன்?"

"மூணு வருஷமாச்சு. கரி எது, கட்டை எதுன்னு இன்னும் பிடிபடலை. எனக்கு இது வராதுங்க."

ஆசாரி நெருப்பைக் கிளறி, புகைந்த கட்டை ஒன்றைக் குறட்டால் எடுத்தார். தூர எறியப்போகிறார் என்று சங்குமுத்து நினைத்தான். அவரோ அதை உலையின் மண் ஓரத்தில், நெருப்பை ஒட்டி வைத்தார். பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று.

"இதுல ஒண்ணு, உலை மூட்டுறப்ப நானே பொறுக்கிப் போட்டது," என்றார். "ஊது."

ஊதினான். புகை அடங்கி, கொழு மெல்லச் சிவந்தது. ஓரத்துக் கட்டைகள் தம்பாட்டுக்குப் புகைந்து ஓய்ந்தன. முதல் கட்டையை ஆசாரி நடு உலைக்குத் தள்ளினார். துளிப் புகை இல்லை, நின்று எரிந்தது.

"என்னைத் தேத்தத்தான் அப்படிச் சொல்றீங்க. நீங்களே எல்லாத்தையும் பார்த்துப் போட்டிருந்தா ஒண்ணுகூடத் தப்பியிருக்காது," என்றான் சங்குமுத்து.

ஆசாரி தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் அலுப்பாகத்தான் இருந்தது.

"பார்த்தே கண்டுபிடிக்கத் தெரிஞ்சிருந்தா, உலைக்கு ஓரத்தை இம்புட்டு அகலமா எதுக்குப்பா கட்டினேன்?"