வெள்ளை விழுந்த வேட்டி

கோத்தகிரிக்கு மேலே ஒரு சின்ன மடம். சேருகிறவருக்கு ஒரே ஒரு பச்சை வேட்டி கொடுப்பார்கள்; பெண்ணென்றால் பச்சைச் சேலை. துவைத்துத் துவைத்துச் சாயம் தானாகப் போனால், "வெள்ளை விழுந்துருச்சு" என்பார்கள். அதற்குப் பிறகு அவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

தெய்வநாயகம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. ஒன்பது வருஷமாக முட்டைக்கோஸ் பாத்தியில் புழு பொறுக்கி, வேலியோரக் கடுகுச் செடியில் விட்டுக்கொண்டிருந்தார். பாழாய்ப் போன பச்சை போவேனா என்றது.

அன்று காலை தும்பைப்பூ வெள்ளையில் வந்து நின்றார். குரு வடிவாம்பாளுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். பாத்தியில் குனிந்திருந்தவள் மூக்கைச் சுளித்தாள்.

"பிளீச்சிங் பவுடரா ஐயா?"

அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அலுத்துப் போச்சும்மா. முட்டி தேஞ்சு போச்சு. பொறுக்கப் பொறுக்கப் புழு வந்துக்கிட்டே இருக்கு. இது வெள்ளை இல்லேன்னா சொல்லிடுங்க, மக வீட்டுக்கே போயிடுறேன்."

அவள் திட்டவில்லை. ஒரு வெள்ளைப் பட்டாம்பூச்சி வந்து கோஸ் இலையில் உட்கார்ந்தது. இறக்கை நுனியில் மட்டும் மை தொட்ட மாதிரி கறுப்பு.

"இது எங்க பிறந்துச்சு?"

"இங்கதான். முட்டை. அப்புறம் பச்சைப் புழு. தின்னுட்டு நாலு தடவை சட்டை உரிக்கும். சுவத்துல கூடாத் தொங்கும். அப்புறம் வெள்ளையாப் பறக்கும். எனக்கா தெரியாது?"

"இப்பதான் றெக்கை இருக்கே. இங்க என்ன பண்ணுது?"

அவர் குனிந்தார். வெளுத்த வேட்டி முட்டியில் டர்ரென்று கிழிந்தது. பூச்சி பறந்துபோனது. இலையைத் திருப்பினார். அடியில் மஞ்சளாக ஒரே ஒரு முட்டை.

"தின்ன இலையிலேயே வந்து வச்சிருக்கும்மா."

சொல்லிவிட்டு அவள் சேலையைப் பார்த்தார். அதுவும் வெள்ளைதான். கரையெல்லாம் சேறு. தினம் பார்ப்பதுதான், அவள் பாத்தியில் இறங்குவது குருவின் நல்ல மனசு என்றே நினைத்திருந்தார்.

"உங்களுக்கு வெள்ளை விழுந்து எத்தனை வருஷம்மா?"

"பதினேழு."

"எங்க வேணும்னாலும் போயிருக்கலாமே."

வடிவாம்பாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தாள். புழு டின்னை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்கும் முட்டி வலிக்குது ஐயா. அந்த வரிசையை நீங்க பாருங்க, இதை நான் பாத்துக்கிறேன்."