கனமா இருந்தாரா?

இந்தக் கதை எனக்கு நேராகக் கிடைத்தது அல்ல. என் அறைத்தோழன் முகிலன் ஒரு ரயில் பயணத்தில், எதிர் இருக்கையில் இருந்தவரிடம் கேட்டு வந்து சொன்னான்.

அவன் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன். நான் கொஞ்சம் குறைத்து எழுதுகிறவன். நடந்தது இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும்.

*

"மாஸ்டர், எங்களுக்கு விசில் எப்போ?"

கேட்டவர் தவசி.

சங்குமுனைக் கடற்கரையில், கோடையில் குளிக்க வருகிற கூட்டத்தைக் காப்பதற்குப் பருவத்துக்கு மட்டும் ஆள் எடுப்பார்கள். மணலில் ஓடச் சொல்வார்கள். அலையைக் கடந்து நீந்தச் சொல்வார்கள். அந்த வருடம் பலர் வந்தார்கள், பலர் போனார்கள். கடைசியில் தவசியும் லிங்கதுரையும் மிஞ்சினார்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பவர் பெயர் ரூபவதி. தவசியைவிட ஒரு வயது இளையவர். பெண் என்றாலும் அந்தக் கடற்கரையில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

காவல் மேடையின் கம்பத்தில் இரண்டு விசில்கள் தொங்கின. அதைக் கழுத்தில் போட்டுக்கொள்கிறவர்களுக்குத்தான் வேலை.

யாரும் ஊதாதபோதும், காற்று ஒரு பக்கமாக அடித்தால் அவை மெல்ல முனகும். தூக்கத்தில் பேசுகிறவர்களைப் போல.

"ஞாயித்துக்கிழமை கூட்டம் வந்துரும் மாஸ்டர்."

"வரட்டும்."

"ஓடிட்டோம். நீந்திட்டோம். இன்னும் என்ன பாக்கி?"

மாஸ்டர் கடலைப் பார்த்தார்.

"இன்னிக்கு யாரு பொணம்?" என்று கேட்டார்.

*

பிணம் என்பது அவர்கள் வைத்த பெயர்.

ஒருவர் அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய், மல்லாந்து கிடக்க வேண்டும். எதுவும் செய்யக் கூடாது. இன்னொருவர் நீந்திப் போய், அவர் மார்பின் குறுக்கே கையைப் போட்டு, கரைக்கு இழுத்து வர வேண்டும்.

"நேத்து நான் செத்தேன். இன்னிக்கு உங்க முறைண்ணே" என்றான் லிங்கதுரை. "மாலை கீலை வேணுமா?"

"உன் வாய்க்கு அரிசி போட்டா போதும்."

தவசி போய்க் கிடந்தார். லிங்கதுரை போய் இழுத்து வந்தான்.

கரையில் மாஸ்டர் காத்திருந்தார். ஒவ்வொரு நாளும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்.

"கனமா இருந்தாரா?"

"பூ மாதிரி இருந்தாரு மாஸ்டர்!"

மாஸ்டர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாள் லிங்கதுரை பிணம். தவசி இழுத்து வந்தார்.

"கனமா இருந்தாரா?"

தவசி இந்தப் பதிலை ராத்திரியே யோசித்து வைத்திருந்தார்.

"ஆமா மாஸ்டர். சிமெண்டு மூட்டை மாதிரி."

மாஸ்டர் அவர் நெஞ்சைப் பார்த்தார். அது நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்குப் பாக்கலாம்."

*

இருவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கடலின் நிறம் போய்க்கொண்டிருந்தது.

"லேசுன்னாலும் நாளைக்கு. கனம்னாலும் நாளைக்கு. அந்தம்மாவுக்கு என்னதாண்ணே வேணும்?"

"தெரியல."

"அதைத்தான் சொல்லணுமோ? தெரியல மாஸ்டர்னு?"

லிங்கதுரை தவசியின் குரலிலேயே சொல்லிப் பார்த்தான். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது.

"எனக்கு இது இல்லேன்னா திரும்பச் சூளைதான் துரை" என்றார் தவசி. "செங்கல் சூளைப் புகை இனிமே ஆகாது, நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"எனக்கு மாமனார் கடைண்ணே. அதுக்கு உங்க சூளையே தேவலை."

கடலைப் பார்த்தபடியே லிங்கதுரை கேட்டான்.

"நாளைக்கும் கால் குடுப்பீங்கள்லண்ணே?"

"குடுக்காம?"

கால் கொடுப்பது என்பதும் அவர்கள் வைத்த பெயர்தான். பிணமாகக் கிடப்பவர், கரையில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாதபடி, தண்ணீருக்கு அடியில் மெல்லக் காலை உதைப்பார். இழுப்பவர் பாடு பாதியாகிவிடும்.

முதல் நாள் லிங்கதுரை இழுக்க முடியாமல் திணறியபோது தவசியின் கால் தானாக அசைந்தது. மறுநாள் லிங்கதுரையின் கால் அந்தக் கடனைத் தீர்த்தது. சூளையில் ஒருவன் தலைக்குச் சுமை ஏறும்போது, அடுத்தவன் கேட்காமலே ஒரு கை வைப்பான். தவசிக்கு இது அப்படித்தான் இருந்தது. தப்பென்று தோன்றவே இல்லை.

*

மறுநாள் விடியும்போது தவசி தனியாக மாஸ்டரிடம் போனார்.

"மாஸ்டர், அந்தக் கேள்விக்குப் பதில் என்ன?"

"படுங்க."

"எங்க?"

மாஸ்டர் முழங்கால் ஆழத் தண்ணீரைக் காட்டினார். தவசி மல்லாந்து படுத்தார். மாஸ்டர் ஒரு விரலை மட்டும் அவர் பின்தலைக்கு அடியில் வைத்தார்.

"இப்ப நீங்க பொணம்."

"சரி மாஸ்டர்."

"பொணம் பேசாது."

மாஸ்டர் அவர் வலது காலைத் தூக்கினார். கையை எடுத்தார். கால் விழவில்லை. மெதுவாக, தானாக இறங்கி, தண்ணீரை ஒருமுறை தள்ளியது.

"உங்க கால் ரொம்ப மரியாதை தெரிஞ்சது தவசி."

தவசி எழுந்து உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க உப்பு எரிந்தது.

"எத்தனை நாளாத் தெரியும் மாஸ்டர்?"

"படுங்க."

"நான் கால் குடுக்கலேன்னா லிங்கதுரை தோத்துருவான்."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

தவசி மறுபடியும் படுத்தார்.

மாஸ்டர் காலைத் தூக்கினார், விட்டார். தூக்கினார், விட்டார். பிறகு தூக்கினாரா, விட்டாரா என்பது தவசிக்குத் தெரியவில்லை.

காதுகள் தண்ணீருக்குள் இருந்தன. அடியில் மணல் உருளும் சத்தம், எங்கோ ஒரு வீட்டில் யாரோ அரிசி புடைப்பதுபோல் கேட்டது. வானம் இன்னும் நிறம் எடுக்கவில்லை. தான் எங்கே முடிகிறோம், தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பார்த்தார். எல்லை கிடைக்கவில்லை. கால்கள், மேயப் போன இரண்டு ஆடுகளைப் போல எங்கேயோ போய்விட்டன. அவரும் கூப்பிடவில்லை.

கண் திறந்தபோது வெயில் ஏறியிருந்தது. பின்தலைக்கு அடியில் விரல் இல்லை. எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. கரையில் மாஸ்டரின் காலடித் தடம் மட்டும் மேடையை நோக்கிப் போயிருந்தது.

*

"பொணமே, வந்துட்டேன்!"

அலைகளுக்கு அந்தப் பக்கம் லிங்கதுரையின் குரல் கேட்டது. தவசி மல்லாந்து கிடந்தார்.

ஒரு கை மார்பின் குறுக்கே விழுந்தது. இழுத்தது. உடம்பு நகரவில்லை.

"அண்ணே, கால்."

தவசி வானத்தில் இருந்தார்.

"கால் குடுங்கண்ணே. அந்தம்மா பாக்கல."

ஓர் அலை இருவர் முகத்தையும் மூடிவிட்டுப் போனது. லிங்கதுரை இருமினான். தவசி இருமவில்லை.

"விளையாடாதீங்கண்ணே."

பிறகு,

"அண்ணே?"

அந்த ஒரு சொல் மெலிந்து, அடுத்த தெருவிலிருந்து வருவதுபோல் வந்தது. விரல்கள் தவசியின் கழுத்தில் நாடியைத் தேடின. தவறான இடத்தில் தேடின. இன்னும் கொஞ்சம் மேலே என்று சொல்ல ஆசையாக இருந்தது. அந்த ஆசையும் தண்ணீரோடு போய்விட்டது.

ஆடுகள் எங்கோ மேய்ந்துகொண்டிருந்தன.

லிங்கதுரை இழுத்தான். கரைப் பக்கம் கொஞ்சம் வந்ததை, திரும்பும் தண்ணீர் வாங்கிக்கொண்டது. மறுபடியும் இழுத்தான். திட்டினான். அழுதான். "உங்க வீட்டுக்கு நான் என்னண்ணே சொல்லுவேன்?" என்றான். அவன் மூச்சு, கிழிந்த துருத்தியைப் போல தவசியின் காதோரம் அடித்தது. கை மட்டும் விடவில்லை.

பிறகு அவனுடைய மற்றொரு கை தண்ணீரைவிட்டு மேலே எழுந்தது.

"மாஸ்டர்! என்னால முடியல! வாங்க!"

கை தூக்கினால் தோற்றதாக அர்த்தம் என்று இருவரும் முதல் நாளே பேசி முடிவு செய்திருந்தார்கள். மாஸ்டர் அப்படி ஒருபோதும் சொன்னதில்லை.

*

மாஸ்டர் சிவப்பு மிதவையோடு வந்தார். இரண்டு பேராகத்தான் தவசியைக் கரை சேர்த்தார்கள்.

மணலில் கிடத்தியதும் தவசி கண்ணைத் திறந்தார்.

லிங்கதுரை பளாரென்று ஒரு அறை விட்டான்.

"செத்துட்டீங்கன்னு நெனச்சேன்டா!"

மரியாதையும் டாவும் சேர்ந்தே வந்தன. பிறகு அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். பிறகு தள்ளிவிட்டான்.

"மன்னிச்சுரு துரை."

"பேசாதீங்க. பொணம் பேசாது."

மாஸ்டர் தலைமுடியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"கனமா இருந்தாரா?"

லிங்கதுரை வாய் திறந்தான். பதிலுக்கு முன்னால் மூச்சுதான் வந்தது. குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி நின்றான்.

"ஊரையே கட்டி இழுக்குற மாதிரி இருந்துச்சு மாஸ்டர். பாதியிலேயே கை தூக்கிட்டேன்."

மாஸ்டர் மேடைக்குப் போனார். கம்பத்திலிருந்து ஒரு விசிலை எடுத்து வந்து அவன் கழுத்தில் போட்டார்.

"நான் தோத்துட்டேன் மாஸ்டர்" என்றான் லிங்கதுரை, அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து.

மாஸ்டர் விசில் கயிற்றின் முறுக்கை நீக்கிவிட்டார்.

கம்பத்தில் இன்னொரு விசில் தனியாக ஆடியது.

"எனக்கு மாஸ்டர்?" என்றார் தவசி.

மாஸ்டர் அவரைப் பார்த்தார். பிறகு திரும்பி, கடலுக்குள் நடந்தார். முழங்கால், இடுப்பு, தோள். முதல் அலைக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தார். அடுத்ததையும் கடந்தார். அலை உடையும் இடத்துக்கு அப்பால், அவர் தலை சின்னப் புள்ளியாகத் தெரிந்தது.

அந்தப் புள்ளி மல்லாந்து படுத்தது.

எதுவும் செய்யவில்லை. முடி மட்டும் தண்ணீரில் பரவி, விரிந்து, குவிந்தது. ஒரு அலை அவரைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தது. அங்கேயும் அப்படியே கிடந்தார்.

காற்று ஒரு பக்கமாக அடித்தது. கம்பத்து விசில் முனகியது.

தவசி எழுந்து ஓடினார்.

*

முகிலன் கொண்டுவந்த கதை இவ்வளவுதான். அதற்குள் எதிர் இருக்கைக்காரர் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்துவிட்டதாம்.

கதையை இதோடு நிறுத்துவதுதான் அழகு என்று முகிலன் சொன்னான். எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த எதிர் இருக்கைக்காரர், எப்போதாவது குளிக்க வாங்க தம்பி என்று அவனுக்குத் தன் நம்பரைக் கொடுத்திருந்தார். காலையில் அதை வாங்கிப் பேசினேன். பின்னணியில் அலைச் சத்தம் கேட்டது. அவர் பெயர் லிங்கதுரை.

தவசி மாஸ்டரைக் கரை சேர்த்தாரா என்று நேராகக் கேட்கத் தயக்கமாக இருந்தது. அதனால் வேறு மாதிரி கேட்டேன்.

"அந்தக் கோடையில நீங்க முதல் விசில் யாருக்காக ஊதினீங்க?"

"தவசி அண்ணனுக்குத்தான். மாஸ்டரை இழுத்துட்டு வர்றப்ப பாதியில கை தூக்கிட்டாருல்ல. இப்பப் பக்கத்து மேடையிலதான் விசிலோட நிக்கிறாரு. கூப்பிடவா?"

"வேண்டாங்க. விசில் ஊதினதும் யாரு வந்தாங்க?"

"யாரு வருவா? கரையில நான் ஒருத்தன்தான இருந்தேன். ஊதிட்டு நானே ஓடினேன்."