கூலருக்கு அடியில்

"டீச்சர், தப்பு அத்தான் மேலதான். உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

கொம்பையா கம்ப்யூட்டரை இறக்கிய வேகத்தில் மேசைமேல் இருந்த டீ கிளாஸ் துள்ளியது.

சுகிர்தா டீச்சர் கிளாஸைப் பிடித்துக்கொண்டாள். வயதில் அவள் இளையவள். ஆனால் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதில் அந்த ஊருக்கே அவள்தான் குரு. கொம்பையா போன மாதம்தான் அவளிடம் சேர்ந்திருந்தார்.

"என்ன ஆச்சு அண்ணே?"

"போட்டா ஓடுது. நாலு நிமிஷத்துல கொதிச்சுப்போய் அணைஞ்சிடுது. என் ஸ்டுடியோவுல கல்யாண ஆல்பம் பாதியில நிக்குது. பொண்ணு வீட்டுக்காரன் போன்ல வாய்க்கு வந்தபடி பேசுறான்."

"அத்தான் என்ன செஞ்சாரு?"

"நான் இதை அசெம்பிள் பண்ணும்போது போன்ல யோசனை சொல்லியே கெடுத்தாரு. பவர் சப்ளை எதுவா இருந்தா என்ன, மட்டமானதே போதும்னாரு. கூலருக்கு அடியில தடவுற பேஸ்டை தோசைக்கு வெண்ணெய் மாதிரி அப்புன்னாரு. வரி விடாம கேட்டேன், அக்கா மனசு நோகக் கூடாதேன்னு. இப்போ நான் நடுத்தெருவுல நிக்குறேன்."

போன் அடித்தது. அக்கா. கொம்பையா கட் செய்தார்.

"நாளைக்கு அவங்க புது வீட்டுல பால் காய்ச்சுறாங்க. பிறந்த வீட்டுச் சீர் கொண்டுபோக என்னை விட்டா ஆள் கிடையாது. வரமாட்டேன்னுட்டேன். அந்த மனுஷன் ஊர் முன்னால தலைகுனிஞ்சு நிக்கட்டும்."

டீச்சர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

"பவர் சப்ளை மட்டம்தான்."

"கேட்டீங்களா!"

"பேஸ்டும் அதிகம்தான்."

"நான் சொல்லலை?"

சிப்பின் சூட்டைத் தணிக்கும் கூலரைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பினாள். பேஸ்டைத் துடைத்தாள். நகத்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பினாள். அடியிலிருந்த செம்புத் தகட்டின்மேல் ஒட்டியிருந்த கண்ணாடித் தாள் உரிந்து வந்தது. மாட்டுவதற்கு முன் உரிக்கச் சொல்லி அதில் சிவப்பாக அச்சடித்திருந்தது.

கொம்பையாவுக்கு முகம் கறுத்தது.

"இதை அந்த ஆளு சொல்லவே இல்லையே!"

"சொல்லவே இல்லையா?"

"இல்லை."

"கடைசியா என்னதான் சொன்னாரு?"

"மாப்ளே, கூலரை மாட்டுறதுக்கு முன்னால அடியில ஒரு..."

கொம்பையா நிறுத்தினார்.

"அப்புறம்?"

கொம்பையா மேசையில் கிடந்த ஸ்க்ரூவை உருட்டினார்.

"அப்புறம் அண்ணே?"

"எனக்குத் தெரியும், போனை வைங்கன்னு... நான்தான் கட் பண்ணேன்."

டீச்சர் பொட்டளவு பேஸ்ட் வைத்துக் கூலரை மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள்.

நாலு நிமிஷம் போனது. அணையவில்லை. டீ ஆறி ஆடை கட்டும்வரை பார்த்தார்கள். அணையவில்லை.

"இருந்தாலும் டீச்சர், அந்த பவர் சப்ளை..."

"அது அவர் தப்புதான். மாத்திடுங்க."

சொல்லிவிட்டு அந்தத் தாளை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

கொம்பையா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தப் பக்கம் எல்லாம் தெரிந்தது.

"இத்தனூண்டுதானா?"

"இத்தனூண்டுதான். சூட்டை இறங்க விடாது."

மறுபடியும் போன் அடித்தது.

கொம்பையா தாளைக் கசக்கிக் கீழே போட்டுவிட்டுப் போனை எடுத்தார்.

"அழாத அக்கா. அத்தான்கிட்ட போனைக் குடு."

பிறகு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"அத்தான், அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தீங்களே. சொல்லுங்க."