பட்டியலின் மூன்றாவது வரி

"அம்மா, சட்டத்திலிருந்து ஒருத்திக்கு விலக்கு கொடுக்கலாமா?"

கேட்டவர் பரசுராமன். நகராட்சியில் உரிமப் பிரிவு அதிகாரி. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்.

மலையடிவாரத்து ஆசிரமத்தை நடத்துகிற, ஊரே அம்மா என்று கூப்பிடுகிறவர், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பரசுராமனைவிடப் பத்து வயது சின்னவர்.

"யாருக்கு?"

"ரோசம்மாளுக்கு. எண்ணெய் போட்டு உடம்பு நீவிவிடுகிறவள். உரிமம் இல்லாமல் யாரும் நீவிவிடக் கூடாதென்று உத்தரவு. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பரீட்சை எழுத முடியாது. போன மாதம் நான்தான் நோட்டீஸ் கொடுத்து நிறுத்தினேன்."

"சரி. அப்புறம் என்ன?"



"என் மனைவி தையல்நாயகிக்குப் பக்கவாதம். வலது கை மடங்கிப்போச்சு. ரோசம்மாள் நீவி நீவி இரண்டு விரல் நிமிர்ந்திருந்தது. இந்த ஒரு மாதத்தில் திரும்பவும் மடங்கிவிட்டது, அம்மா."

பாவம், நேர்மையான மனுஷன். ஊருக்கு ஒரு சட்டம், தன் வீட்டுக்கு ஒரு சட்டம் என்று நடக்க அவருக்கு வராது. அதுதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

"விலக்கு யார் யாருக்கென்று பட்டியல் இருக்குமே?"

சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். மடித்து மடித்து நைந்துபோன காகிதம்.

"வாசியுங்கள்."

"ஒன்று, மருத்துவர். இரண்டு, செவிலியர். மூன்று, கூலி வாங்காமல் செய்கிற வீட்டார். நான்கு, விளையாட்டுப் பயிற்சியாளர். தலைகீழாக நின்றாலும் ரோசம்மாள் இதில் வரமாட்டாள்."

"மூன்றாவதை இன்னொரு தடவை."

"கூலி வாங்காமல் செய்கிற வீட்டார். அதாவது கணவன், மனைவி..."

விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

"யார் எழுதிய வரி?"

"நான்தான்."

"உங்கள் வீட்டில் யார் யார்?"

"நானும் அவளும்தான்."

"அந்தக் கையை எப்போது தொட்டீர்கள்?"

"விழுந்த அன்றைக்குத் தூக்கினேன்." பரசுராமன் தலையைக் குனிந்துகொண்டார். "பயமாக இருக்கிறது, அம்மா. எனக்கு நீவத் தெரியாதே."

அம்மா எழுந்து போய் நல்லெண்ணெய்ச் செம்பை எடுத்துவந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கை நிறைய ஊற்றினார்.

"ரோசம்மாளைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரச் சொல்லுங்கள். பேசுவதற்கு உங்கள் ஆபீசில் உரிமம் கேட்பதில்லையே?"

"அவளுக்கு வலித்துவிட்டால்?"

"வலித்தால் தையல்நாயகியே சொல்லுவார். எண்ணெய் வழிகிறது பாருங்கள், சீக்கிரம் வீட்டுக்குப் போங்கள்."