மடத்தில் ஒரு பூட்டு

நாச்சியம்மையின் மடத்தில் எந்தக் கதவுக்கும் பூட்டு கிடையாது. மணி அடித்தால் கையில் எது இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கு எழ வேண்டும் என்பது இன்னொரு வழக்கம். இரண்டையும் சீடர் தெய்வநாயகத்தைப்போல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் யாருமில்லை. குரு நாச்சியம்மையைவிட இருபது வயது மூத்தவர்; ஆனாலும் அவரை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்றபின் சீடரானவர். வீம்புக்குக் கேட்கவா வேண்டும்!

மடத்துக் கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. போன வாரம் அம்மா அதில் ஏதோ மாற்றிவைத்தார். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் ஸ்கிரீன்சேவர் வந்து மீன்கள் நீந்தும். மறுபடி திறக்கப் பாஸ்வேர்டு போட வேண்டும்.

"பூட்டே இல்லாத மடத்துல இதுக்கு மட்டும் எதுக்கும்மா பூட்டு?" என்று கேட்டார்.

"மீன் அழகா இருக்குல்ல?" என்றார் அம்மா.

தெய்வநாயகத்துக்கு எரிச்சல். அதை எடுத்துவிட வேண்டும் என்று தினமும் நினைப்பார்.

இன்று பூங்கொடிக்கு ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார். கட்டாயக் கல்யாணத்துக்குப் பயந்து வீட்டைவிட்டு வந்த பெண். மடத்துக்குத் தெரிந்தவர் வீட்டில் ஒளிந்திருந்தாள். கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருந்தது. அவள் பெயர், போகும் ஊர், வண்டி எல்லாம் திரையில் வந்த நேரம் மணி அடித்தது. எழுந்துவிட்டார்.

இலையில் ரசம் விழும்போது வாசலில் அவளுடைய அண்ணன் வந்து நின்றான்.

"என் தங்கச்சி இங்க இருக்காளா?"

"இல்லை தம்பி. பூட்டின கதவு இங்க ஒண்ணும் கிடையாது. வேணும்னா பாத்துக்குங்க" என்றார் அம்மா.

அவன் விறுவிறுவென்று உள்ளே போனான். நேராகக் கம்ப்யூட்டர் அறைக்கு.

தெய்வநாயகம் இலையைவிட்டு எழுந்தார். அந்த மீனை எடுத்துத் தொலைத்தோமா, இல்லையா? காலையில் அதைத்தான் நோண்டிக்கொண்டிருந்தார். நடுவில் யாரோ கூப்பிட்டார்கள். எச்சில் கையோடு ஓடினார்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து மவுசை ஆட்டிக்கொண்டிருந்தான். பாஸ்வேர்டு கேட்டது. எதையோ அடித்துப் பார்த்தான். திறக்கவில்லை.

"என்ன பெரியவரே, சும்மா மீனுதான் நீந்துது. இதுல என்ன இருக்கு?"

"மடத்து வேலை" என்று ஒருவழியாகச் சொன்னார்.

அவன் உதட்டைப் பிதுக்கிவிட்டு மாட்டுக்கொட்டகையைப் பார்க்கப் போனான். கொஞ்ச நேரத்தில் பைக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

அப்பாடா! பெரியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அத்தனை மீனுக்கும் பொரி வாங்கிப் போட வேண்டும்போல் இருந்தது.

கையைக் கழுவிவிட்டு வந்து, முதலிலிருந்து தொடங்கி டிக்கெட்டை எடுத்து முடித்தார். திரும்பிப் பார்த்தால் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"அவன் வருவான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"தெரியாது ஐயா. மணி அடிச்சா நீங்க எழுந்துருவீங்கன்னு தெரியும்."

தெய்வநாயகம் தலையைச் சொறிந்தார். "அப்போ கதவுக்கும் ஒரு பூட்டுப் போட்டுடலாமா?"

"எதுக்கு? கதவு நம்மளோடது, திறந்தே கிடக்கட்டும். பூங்கொடி போற ஊரு நம்மளோடதா?"